கருவி நூறு காட்டினாலும் கணக்கு தப்பலாம்: தண்ணீரில் கரைந்த உயிர்வளியை அளப்பது எப்படி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கோத்தா கோலா மூடா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று 2004 டிசம்பர் 26ஆம் தேதி அந்தக் கரையைத் தாக்கிய சுனாமி. இன்னொன்று ‘பாசார் பீசிக்’ என்ற மீன் சந்தை. அங்கே வாங்குபவர் தன் விலையை விற்பவரின் காதோடு ரகசியமாகச் சொல்வார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. இன்று நான் பேச வந்திருப்பது மூன்றாவது விஷயம். அதே மூடா ஆற்று முகத்துவாரத்தில், குளத்துத் தண்ணீர் ஒரு கருவியின் காதில் கிசுகிசுக்கும் விலையைப் பற்றி. அந்தக் கருவி காதில் விழுந்ததைச் சரியாகத்தான் சொல்கிறதா என்பதே நம் கேள்வி.

இறால் வளர்ப்பில் இந்த வட்டாரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. மீன்வளத் துறையின் இறால் குஞ்சு உற்பத்தி, ஆராய்ச்சி நிலையம் கோத்தா கோலா மூடாவின் பூலாவ் சாயாக்கில்தான் அமைந்தது. இறால் குளத்துக்கு உப்பு நீரும் வேண்டும், அதில் போதிய உயிர்வளியும் வேண்டும். லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் இருந்தால் இறால் தெம்பாக இருக்கும். 3க்குக் கீழே போனால் சோர்ந்துவிடும், தீவனம் எடுக்காது. இன்னும் இறங்கினால் ஒரே இரவில் குளமே காலியாகிவிடும்.

இப்போது ஒரு குளத்தைக் கற்பனை செய்து பாருங்கள். விடியற்காலை 4 மணி. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு தம்பி கருவியைத் தண்ணீரில் விடுகிறார். 4.4 என்று காட்டுகிறது. அந்தப் பண்ணையின் விதி, 4க்குக் கீழே போனால் கூடுதல் காற்றுச் சக்கரங்களை ஓட்ட வேண்டும் என்பது. 4.4தானே இருக்கிறது, மின்சாரக் கட்டணம் மிச்சம் என்று அவர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் படுக்கப் போகிறார். ஆனால் உண்மையில் தண்ணீரில் இருந்தது 3.9. கருவி பழுதாகவில்லை. அன்று காலையில்தான் ‘காலிபிரேட்’ செய்து, திரையில் நூறு விழுக்காடு என்று வந்ததை அவரே பார்த்தார். பிறகு எங்கே தவறு? குளத்தில் ஏதாவது நடந்துவிட்டால் பழி யார் தலையில் விழும்? முதலாளி தலையில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள, தண்ணீர் எவ்வளவு உயிர்வளியைத் தாங்கும் என்று முதலில் பார்ப்போம். நாம் மூச்சு விடும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு உயிர்வளி. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் உயிர்வளி இருக்கிறது. ஆனால் 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் காற்றிலிருந்து அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வது வெறும் 7.56 மில்லிகிராம். இந்த அற்பத் தொகையில்தான் மீனும் இறாலும் குடும்பம் நடத்துகின்றன. தண்ணீர் குளிர்ந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்: 20 டிகிரியில் 9.09, பனிக்கட்டியாகும் நிலையில் 14.62. அதனால் குளிர் நாட்டு மீனுக்கு இருக்கிற வசதி கெடா மீனுக்கு இல்லை. இங்கே அரை மில்லிகிராம் தவறு என்பது சின்னத் தவறு இல்லை.

பகலில் குளத்துப் பாசி சூரிய ஒளியில் உயிர்வளியை வெளியிடும். பிற்பகலில் அளவு நூறு விழுக்காட்டைத் தாண்டிப் போவதும் உண்டு. இரவில் அதே பாசியும், இறாலும், அடிச் சேற்றுக் கிருமிகளும் சேர்ந்து உயிர்வளியைச் செலவழிக்கும். விடியும் முன்புதான் கையிருப்பு மிகக் குறைவு. பகல் 3 மணிக்கு அளந்துவிட்டுக் குளம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது, சம்பள நாளன்று ஒருவரின் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து அவர் பணக்காரர் என்று முடிவு கட்டுவது போல.

சரி, கருவிக்கு வருவோம். இன்று பரவலாக இருக்கும் கருவிகளில் ஒரு வகை, 1950களில் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் இரத்தத்தில் உள்ள உயிர்வளியை அளப்பதற்காக உருவாக்கிய மின்முனையின் வழி வந்தது. அதன் நுனியில் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வுக்குப் பின்னால் கொஞ்சம் உப்புக் கரைசலும் இரண்டு உலோக முனைகளும் இருக்கும். தண்ணீரில் இருக்கும் உயிர்வளி சவ்வைத் தாண்டி உள்ளே போய் ஒரு முனையில் செலவாகிறது. அப்போது சிறு மின்னோட்டம் உண்டாகிறது. உயிர்வளி அதிகம் நுழைந்தால் மின்னோட்டமும் அதிகம். இன்னொரு வகை, 2000களில் பரவிய ஒளி வகை. அதன் மூடியில் இருக்கும் சாயம் ஒளிபட்டு மின்னும். உயிர்வளி பட்டால் அந்த மினுக்கம் மங்கும். மங்கும் வேகத்தைக் கருவி கணக்கிடும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஓர் உண்மை இருக்கிறது. இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகள் மில்லிகிராமை அளப்பதில்லை. உயிர்வளி சவ்வின் மீது கொடுக்கும் அழுத்தத்தைத்தான் அளக்கின்றன. மில்லிகிராம் என்பது அதற்குப் பிறகு கருவி போடும் கணக்கு.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 756 நாற்காலிகள், எல்லாம் நிறைந்துவிட்டன. வாசல் கதவில் ஒரு காவலாளி நிற்கிறார். அவர் உள்ளே போய்த் தலையை எண்ணுவதில்லை. கதவை எவ்வளவு நெருக்குகிறார்கள் என்பதை வைத்துக் கூட்டத்தைக் கணிக்கிறார். பக்கத்து மண்டபத்தில் 624 நாற்காலிகள்தான். அதுவும் நிறைந்துவிட்டால் அங்கும் கதவில் அதே நெருக்கம்தான். மண்டபம் சின்னது என்று யாராவது சொன்னால் ஒழியக் காவலாளிக்கு எப்படித் தெரியும்? நல்ல தண்ணீருக்கும் கடல் நீருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் 7.56 தாங்கும், கடல் நீர் ஏறக்குறைய 6.2தான் தாங்கும். மீதி நாற்காலிகளை உப்பு எடுத்துக்கொண்டது.

இனி அளவு திருத்தத்துக்கு வரலாம். தொலைக்காட்சிக்காரி என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். படப்பிடிப்புத் தொடங்கும் முன் ஒளிப்பதிவாளர் கேமராவுக்கு ஒரு வெள்ளைத் தாளைக் காட்டுவார். “இந்த விளக்கில் வெள்ளை என்பது இதுதான்” என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பார். அப்படிச் செய்யாவிட்டால் வெள்ளை வேட்டி மஞ்சளாகத் தெரியும். உயிர்வளிக் கருவிக்கு அந்த வெள்ளைத் தாள் எது? ஈரக் காற்று. காற்றை முழுதாக உறிஞ்சிய தண்ணீரிலும், ஈரம் நிறைந்த காற்றிலும் உயிர்வளியின் அழுத்தம் ஒன்றுதான். அதனால் ஒரு வாளித் தண்ணீரில் மணிக்கணக்காகக் காற்றை ஊதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கருவியோடு வரும் குப்பியில் ஈரப் பஞ்சை வைத்து அதற்குள் முனையைச் செருகினால் போதும்.

கேட்பதற்குச் சுலபம். கைத்தவறு வரும் இடங்கள் நிறைய. சவ்வின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் கருவி காற்றை அளக்காது, அந்தச் சொட்டைத்தான் அளக்கும். மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முனை தண்ணீரில் மூழ்கக் கூடாது, பஞ்சின் ஈரம் மட்டும் போதும். குப்பியைக் காற்றுப் புகாதபடி இறுக்கி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். சவ்வு வகைகளில் சிலவற்றைச் சுவிட்சைப் போட்டு 10, 15 நிமிடம் காத்திருந்த பிறகே நம்பலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது வெயில். லோரியின் முன்கண்ணாடி ஓரம் கிடந்த கருவியை எடுத்து அப்படியே அளவு திருத்தம் செய்கிறவர்கள் உண்டு. குப்பிக்குள் காற்று ஒரு வெப்பத்தில், வெப்பத்தை உணரும் பகுதி இன்னொரு வெப்பத்தில் இருக்கும். 28 டிகிரியில் தண்ணீர் 7.83 தாங்கும், 30 டிகிரியில் 7.56. இரண்டு டிகிரிக்கே மூன்றரை விழுக்காடு போய்விடுகிறது. நிழலில் வைத்து, எண் அசையாமல் நிற்கும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இந்தப் பொறுமைதான் கொஞ்சம் குறைவு, என்னையும் சேர்த்துத்தான்.

காற்றழுத்தமும் கணக்கில் வரும். கோத்தா கோலா மூடா கடல் மட்டத்தில் இருப்பதால் அங்கே பாதரச அளவில் ஏறக்குறைய 760 மில்லிமீட்டர். கண்ணெதிரே தெரியும் ஜெராய் மலை உச்சி 1,200 மீட்டருக்கு மேல். அங்கே சுமார் 660தான் இருக்கும். மலை மேல் கருவியைத் திருத்தும்போது கீழே பதிந்த 760ஐ மாற்றாமல் விட்டால், அங்கே ஓடும் ஓடையின் அளவை ஏறக்குறைய 15 விழுக்காடு கூட்டிச் சொல்லும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வானிலை அறிக்கையில் சொல்லும் அழுத்தம், எல்லா ஊரும் கடல் மட்டத்தில் இருப்பதாக வைத்துத் திருத்திய எண். கருவிக்குத் தேவை அது இல்லை, நாம் நிற்கும் இடத்தின் அசல் அழுத்தம். கடலோரத்தில் இரண்டும் ஒன்றுதான். கேமரன் மலைக்குக் கருவியைக் கொண்டுபோகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இப்போது நம் குளத்துத் தம்பியிடம் திரும்புவோம். அவர் இவை அனைத்தையும் சரியாகச் செய்தார். நிழல், ஈரப் பஞ்சு, துடைத்த சவ்வு, 760 எல்லாம் சரி. நூறு விழுக்காடு வந்தது. விட்டது ஒன்றே ஒன்று. கருவியில் உப்பின் அளவு பூஜ்யம் என்று இருந்தது. குளத்தில் உப்பு ஆயிரத்துக்கு 20 பங்கு. 28 டிகிரியில் நல்ல தண்ணீர் 7.83 தாங்கும் என்றால், அந்த உப்பு நீர் 7.0தான் தாங்கும். நாற்காலி குறைந்த மண்டபத்தில் நிற்கிறோம் என்று காவலாளிக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் 3.9 இருந்த இடத்தில் 4.4 என்று வந்தது. ஈரக் காற்றில் செய்யும் அளவு திருத்தம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தத் தவறைக் காட்டிக் கொடுக்காது. ஏனென்றால் காற்றில் உப்பு இல்லை.

ஆற்று முகத்துவாரத்தில் இது இன்னும் சிக்கல். மூடா ஆற்றின் கடைசிப் பகுதி கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லை. பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கடல் உப்பு மேலே ஏறாமல் தடுக்க ஆற்றின் குறுக்கே தடுப்பணை வைத்திருப்பதும் அதற்காகத்தான். தடுப்பணைக்குக் கீழே நேரத்துக்கு நேரம் உப்பு மாறும். கடல் ஏற்றத்தில் உப்பு நீர் அடியில் ஆப்பு வைத்தது போல் நுழையும், மேலே நல்ல தண்ணீர் மிதக்கும். ஒரே படகில் உட்கார்ந்தபடி மேலே ஓர் உப்பு, இரண்டு மீட்டர் கீழே வேறோர் உப்பு. பெருமழை பெய்த மறுநாள் குளத்துக் கணக்கும் அப்படியே மாறிவிடும். உப்பைத் தானே அளந்து கணக்கில் சேர்க்கும் கருவிகள் இருக்கின்றன, விலைதான் கூடுதல். அது இல்லாதவர்கள் சின்ன உப்பளவிக் குழாயால் உப்பைப் பார்த்துக் கருவியில் கையால் பதிய வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை இல்லை, அளக்கும் ஒவ்வொரு முறையும்.

அரங்கில் ஓர் ஐயா எழுந்து கேட்டார்: “நாங்கள் இறால் வளர்க்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு இதில் என்ன?” நல்ல கேள்வி. செம்பனை ஆலைக்குப் பக்கத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓடையின் வாடை மறந்திருக்காது. 1970களில் செம்பனைக் கழிவுநீர்தான் நம் ஆறுகளுக்குப் பெரிய எதிரி. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று தனி விதிகளும், அடுத்த ஆண்டு இயற்கை ரப்பர் ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. கழிவுநீரின் ‘பிஓடி’ 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டது. அதைப் படிப்படியாக இறக்கி 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் அது 25,000 வரைகூட இருக்கும்.

பிஓடி என்பது என்ன? கழிவைத் தின்னும் கிருமிகள் எவ்வளவு உயிர்வளியைச் செலவழிக்கின்றன என்ற கணக்கு. உலகத்தில் பல நாடுகளில் இதை 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் செம்பனை ஆலைகளுக்கான விதியில் 30 டிகிரியில் 3 நாள். நம் ஊர் வெப்பத்துக்குப் பொருத்தமான மாற்றம் என்றே எனக்குப் படுகிறது. கழிவுநீரை நல்ல தண்ணீரில் கலந்து குப்பியில் அடைத்து, முதல் நாள் ஒருமுறையும் மூன்றாம் நாள் முடிவில் ஒருமுறையும் உயிர்வளியை அளந்து கழிப்பார்கள். அளக்கும் கருவி இதே கருவிதான்.

கணக்கைப் பாருங்கள். இருபது மடங்கு கலந்த நீர். முதலில் 7.4, பிறகு 2.7, வித்தியாசம் 4.7. இருபதால் பெருக்கினால் 94. ஆலை தேறிவிட்டது. அதே குப்பிகளைப் பத்து விழுக்காடு கூட்டிச் சொல்லும் கருவியால் அளந்தால் 8.14, 2.97. வித்தியாசம் 5.17, பெருக்கினால் 103. ஆலை தவறிவிட்டது! மறுபக்கமும் உண்டு. உண்மையில் 104 இருக்கும் தண்ணீரைப் பத்து விழுக்காடு குறைத்துச் சொல்லும் கருவி 94 என்று காட்டும். தாளில் எல்லாம் சுத்தம், ஓடையில் மீன் மிதக்கும். முதல் உதாரணத்தில் ஒரு துப்பு இருந்ததைக் கவனித்தீர்களா? 30 டிகிரி நல்ல தண்ணீர் 7.56தானே தாங்கும், 8.14 எப்படி வந்தது? பாசி இல்லாத குப்பியில் இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்ததுமே ஆய்வகத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சந்தேகம் வர வேண்டும்.

ஆறுகளின் தரத்தைச் சுற்றுச்சூழல் துறை ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே குறியீடாகக் கணக்கிடுகிறது. அதிலும் உயிர்வளிக்குத்தான் அதிக எடை, 0.22. ஆகவே நாளிதழில் நாம் படிக்கும் “ஆறு சுத்தம்”, “ஆறு மாசு” என்ற செய்திக்குப் பின்னாலும் ஏதோ ஓர் ஈரப் பஞ்சு இருக்கிறது.

நூறை மட்டும் சரிபார்த்தால் போதாது, பூஜ்யத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். சோடியம் சல்பைட் என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது அங்கே உள்ள உயிர்வளியை எல்லாம் விழுங்கிவிடும். அதில் முனையை விட்டால் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். 0.6, 0.7 என்று அடம் பிடித்து நின்றால் சவ்வில் ஓட்டையோ, உலோக முனையில் அழுக்கோ இருக்கிறது. சதுப்புச் சேற்றிலும் ஆலைக் கழிவுக் குளத்திலும் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதே, அந்த வாயு சவ்வு வகைக் கருவியின் வெள்ளி முனையைக் கெடுத்துவிடும். இறால் சாகும் நேரங்களில் அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் பொய் சொல்லும் கருவியால் என்ன பயன்? சோதித்த பிறகு முனையை நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய உப்பு அடுத்த அளவையும் விழுங்கும்.

கருவியையே சந்தேகித்தால் யாரிடம் தீர்ப்புக் கேட்பது? அதற்கு ஒரு பழைய நீதிபதி இருக்கிறார். 1888இல் ஹங்கேரி நாட்டு வேதியியலர் லாயோஸ் விங்க்லர் கண்டுபிடித்த முறை. குப்பித் தண்ணீரில் மாங்கனீசு உப்பும் காரமும் சேர்த்து உயிர்வளியைப் பழுப்பு வண்டலாகப் பிடித்துவைத்து, அமிலம் விட்டு அயோடினாக மாற்றி, கஞ்சி மாவுக் கரைசலின் நீலம் மறையும் வரை சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட்டை விட்டு எண்ணுவது. மின்சாரம் வேண்டாம், சவ்வும் வேண்டாம். அது கதவு நெருக்கத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே போய்த் தலையை எண்ணுகிறது. அதனால் உப்பு அதை ஏமாற்றாது. இடைநிலைப் பள்ளி அறிவியல் கழகங்கள் இதைச் செய்து பார்க்கலாம், ஆசிரியர் கண்காணிப்போடு.

“சவ்வு வகை வாங்குவதா, ஒளி வகை வாங்குவதா?” என்றும் கேட்டார்கள். சவ்வு வகை அளக்கும்போதே உயிர்வளியைச் செலவழிக்கிறது. அசையாத தண்ணீரில் அப்படியே தொங்கவிட்டால் நுனியைச் சுற்றி உள்ளது தீர்ந்து எண் இறங்கிக்கொண்டே போகும். மெதுவாக அசைத்துக்கொடுக்க வேண்டும். ஒளி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, அழுகிய முட்டை வாயுவும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. கை வசதி இருந்தால் அதுவே மேல். ஆனால் ஒளி வகைக்கு அளவு திருத்தமே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். அதன் மூடிச் சாயமும் காலப்போக்கில் மங்கும். உப்பை அதற்கும் நாம்தான் சொல்ல வேண்டும்.

சவ்வு வகையை அளக்கும் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் ஈரக் காற்றில் திருத்துங்கள். புதுச் சவ்வு போட்டால் சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை திருத்துங்கள், அது இழுபட்டு அமர நேரம் பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி ஈரக் குப்பியில் வையுங்கள். காய விட்டாலும் கெடும், கடல் நீரோடு விட்டாலும் கெடும்.

புத்தகத்தில் தேதி, நேரம், வெப்பம், அழுத்தம், உப்பு ஆகியவற்றோடு இன்னொரு கட்டமும் போடுங்கள்: திருத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஈரக் காற்றில் கருவி என்ன காட்டியது? பெரும்பாலோர் இதை எழுதுவதில்லை, நூறு வந்த பிறகு நூறு என்று எழுதுகிறார்கள். முன்பு 108 காட்டியிருந்தால், கடைசியாகத் திருத்திய நாளிலிருந்து நேற்று விடியற்காலை வரை எழுதிய எண்கள் எட்டு விழுக்காடு வரை கூடுதலாக இருந்திருக்கலாம். புத்தகத்தில் 4.3 என்று எழுதிய நாட்களை எடுத்து 1.08ஆல் வகுத்துப் பாருங்கள்.